தாம்பரத்துக் குப்பையும் தாம்பரத்துக் கரண்டும்

1931 மே மாதம் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவில் மின்சாரத்தில் ஓடிய முதல் ரயில் அதுதான். அன்றைக்கு இந்த ஊரைச் சுற்றி ஏரியும் வயலும் பனைமரமும்தான் அதிகம். காசநோய் மருத்துவமனை வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்திலிருந்து இங்கே குடிபெயர இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.

இன்று தாம்பரம் ஒரு மாநகராட்சி. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் உருவானது, 70 வார்டுகள். ஆனால் சித்திரை மாதத்து இரவில் எந்த வார்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான் காதில் விழும். "ஒரு ஃபேஸ் போயிருச்சு." "லோ வோல்டேஜ், ஏசி இழுக்கல." "டிரான்ஸ்ஃபார்மர்ல பட்டுன்னு சத்தம் கேட்டுச்சு, இனி காலையிலதான்."

2008-க்குப் பிறகு தமிழ்நாடு அனுபவித்த மின்வெட்டு வேறு வகை. அப்போது உற்பத்தியே போதவில்லை. 2012-ல் சென்னை நகரத்துக்கு நாளுக்கு 2 மணி நேரம் என்றால், வெளி மாவட்டங்களில் 10 மணி நேரத்துக்கு மேல் இருண்டு கிடந்தார்கள். இப்போது அந்த நிலை இல்லை. 2024 மே மாதத் தொடக்கத்தில் மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டபோதும் மின்சாரம் வந்தது. தாங்காமல் போவது தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும் கேபிளும்தான். இரண்டு வீடு இருந்த மனையில் பன்னிரண்டு ஃபிளாட் எழும்பினால், பழைய டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை ஏசிக்கு ஈடு கொடுக்கும்?

அதற்கு மேல் மார்கழிக்கு முந்தைய புயல்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களோடு மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம். ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஏறியதும் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள்; நிறுத்தத்தான் வேண்டும். வடிந்த பிறகும் கரண்ட் வர நாட்கள் ஆகும்.

இந்தத் தென்புறநகரில் தினமும் தவறாமல் வருவது குப்பை. அது மழைக்கு நிற்பதில்லை, புயலுக்கு நிற்பதில்லை. அதில் பாதிக்கு மேல் சோறும் காயும் இலையும்தான். அதிலிருந்து எரிவாயு எடுக்கலாம்; எரிவாயுவிலிருந்து விளக்கு எரிக்கலாம். இது எவ்வளவு தூரம் நடக்கிற காரியம்? குப்பை போகும் வழியிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

சண்முகம் சாலை, இரவு ஒன்பது மணி

மேற்குத் தாம்பரம் ரயிலடியிலிருந்து இறங்கினால் சண்முகம் சாலை. கடை கட்டும் நேரத்தில்தான் அந்தத் தெருவின் கணக்கு தெரியும். காலிஃபிளவர் தழை, முட்டைக்கோஸின் மேல் இதழ்கள், நசுங்கிய தக்காளி, அழுகிய வெங்காயம், வாடிய சாமந்தி, வாழைத்தாரின் தண்டு, சாப்பாட்டுக் கடையின் எச்சில் இலை. எல்லாம் ஒரே குவியல். அதற்குள் பால் கவரும் தெர்மாகோலும் பிளாஸ்டிக் பையும் செருகிக் கிடக்கின்றன.

நான் போயிருந்த வேளையில் கரண்ட் போயிற்று. தெரு ஒரு நொடி இருண்டது; பிறகு ஒவ்வொரு கடை வாசலிலும் ஜெனரேட்டர் இரைய ஆரம்பித்தது. தள்ளுவண்டிக்காரர்கள் சார்ஜ் விளக்கைத் தூக்கிக் கட்டினார்கள். பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா கை நிற்காமல் சொன்னார்: "இது வாடிக்கதான் சார். முன்னல்லாம் ஜெனரேட்டர் வெச்சிருக்கறவன்கிட்ட ஒரு லைட்டுக்கு இவ்ளோன்னு குடுத்து ஒயர் இழுப்போம். இப்ப இந்த சார்ஜ் லைட்டு. ரெண்டு மணி நேரம் தாங்கும், அப்புறம் மங்கிடும்."

தெரு முழுக்க டீசல் புகை. காலடியில் அழுகிய கோஸின் வாடை. விளக்குக்காக ஓரிடத்தில் எண்ணெய் எரிகிறது. பத்தடி தள்ளி, விளக்கெரிக்கக் கூடிய பொருள் லாரி ஏறக் காத்திருக்கிறது. அந்த லாரிக்கும் டீசல் வேண்டும். இந்த ஊரின் சிக்கல் முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் இங்கே வந்து நின்றால் போதும்.

லாரி எங்கே போகிறது? பல காலம் மேற்குத் தாம்பரத்திலேயே கன்னடபாளையத்துக்குப் போயிற்று. அங்கே குப்பை மலையாகக் குவிந்து, சுற்றியிருந்தவர்கள் ஈயோடும் நாற்றத்தோடும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். பிறகு தாம்பரம், பல்லாவரம் இரண்டு ஊர்க் குப்பைக்கும் வண்டலூருக்குக் கிழக்கே வேங்கடமங்கலத்தில் இடம் பார்த்தார்கள். அங்கேயும் அக்கம்பக்கத்து மக்கள் நாற்றம் தாங்காமல் போராடினார்கள். ஊரின் குப்பை அடுத்த ஊரின் வாசலில் போய் விழுவதுதான் இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் நடந்தது.

கோயம்பேடு, விடியற்காலை

சண்முகம் சாலைக்குக் காய் வருவது கோயம்பேட்டிலிருந்து. ஆகவே விடியும் முன் கோயம்பேட்டுக்குப் பேருந்து பிடித்தேன். கொத்தவால் சாவடியின் நெரிசலைத் தீர்க்க 1996-ல் திறந்த அங்காடி. பரப்பு 295 ஏக்கர். மூட்டை இறக்குபவர்களின் ஓட்டத்துக்கு நடுவே நடக்க இடம் பார்த்து நடக்க வேண்டும்.

இந்தச் சந்தைக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆலை 2005-லேயே இங்கே வந்துவிட்டது. நாளுக்கு 30 டன் கழிவைக் கொடுத்தால் ஏறத்தாழ 5,000 யூனிட் மின்சாரம் எடுத்து மின்வாரியத்துக்கு அனுப்பலாம் என்பது திட்டம். அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொழில்நுட்ப வழிகாட்டியது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைக் காற்றில்லாமல் செரிக்க வைத்துப் பழகியவர்கள் அவர்கள். காய்கறிக் கழிவுக்கும் அதே வித்தைதான்.

அந்த வித்தையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காற்றுப் புகாத கலனுக்குள் கழிவைக் கூழாக அரைத்து ஊற்றினால், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் அதை முதலில் அமிலமாக்கும். வேறு வகை நுண்ணுயிரிகள் அந்த அமிலத்தை மீத்தேன் ஆக்கும். வெளியே வரும் வாயுவில் 55 முதல் 65 சதவீதம் மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. அழுகிய முட்டை வாடையடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சம் கலந்திருக்கும். இன்ஜினை அரித்துவிடும் என்பதால் அதை மட்டும் வடித்து எடுத்துவிட வேண்டும். இந்த நுண்ணுயிரிகளுக்கு மிகப் பிடித்த வெப்பம் 35 டிகிரி அளவு. ஐரோப்பாவில் இதற்காகக் கலனைச் சூடேற்றுகிறார்கள். சென்னையில் அந்த வேலையை வெயிலே செய்துவிடுகிறது.

மாட்டின் வயிறும் இதே வேலையைத்தான் செய்கிறது. புதுக் கலனைத் தொடங்கும்போது சாணம் கரைத்து ஊற்றுவது அந்த நுண்ணுயிரிகளைக் குடியேற்றத்தான். வயிற்றுக்குச் சொல்லும் பத்தியம் கலனுக்கும் பொருந்தும். வேளாவேளைக்குப் போட வேண்டும். அளவாகப் போட வேண்டும். கண்டதையும் போடக் கூடாது.

கோயம்பேட்டு ஆலைக்கு இந்தப் பத்தியம்தான் கடினமாக இருந்தது. சந்தைக் கழிவில் வைக்கோல் வருகிறது, வாழைத்தண்டின் நார் வருகிறது, சாக்கு, கயிறு, பிளாஸ்டிக் வருகிறது. நார் அரவை இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும்; பிளாஸ்டிக் குழாயை அடைக்கும். ஆலை ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. ஆண்டு முழுவதும் முழுத் திறனில் ஓடிய ஆலை என்ற பெயரை அது எடுக்கவில்லை. ஆனால் கழிவிலிருந்து மின்சாரம் வரும் என்பதை அது சந்தேகமில்லாமல் காட்டியது. எது தடுக்கிறது என்பதையும் சேர்த்தே காட்டியது. தடை வாசலில் இருக்கிறது: குப்பை கலந்து வருவது.

பம்மல், இரண்டு கூடைகள்

கலக்காமல் எடுக்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் பல்லாவரத்துக்கு மேற்கே இருக்கிறது. பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில் பம்மல். தோல் பதனிடும் பட்டறைகளால் அறியப்பட்ட ஊர். அங்கே சங்கரா நகர்ப் பகுதியில் 1994-ல் குடும்பத் தலைவிகள் சிலர் சேர்ந்து, தெருக்குப்பையைத் தாங்களே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். வழிநடத்தியவர் மங்களம் பாலசுப்பிரமணியன். சென்னையில் 1989-ல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம் தெருத்தெருவாகப் பரவிய காலம் அது.

அவர்கள் செய்தது கேட்பதற்கு மிகச் சாதாரணம். வீட்டுக்கு இரண்டு கூடை. மக்கும் குப்பை ஒன்றில், மக்காத குப்பை மற்றதில். காலையில் மூன்று சக்கர வண்டியில் ஆள் வருவார். இரண்டையும் தனித்தனியாக வாங்கிக்கொள்வார். மக்குவதை மண்புழு உரமாக்கினார்கள். பின்னாளில் அதுவே எக்ஸ்னோரா கிரீன் பம்மல் என்ற அமைப்பாக வளர்ந்து, ஊர்க் குப்பை முழுவதையும் கையாளும் பொறுப்பை ஏற்றது. உணவுக் கழிவிலிருந்து எரிவாயு எடுப்பதையும் நடத்திக் காட்டியது.

பம்மல் தெருக்களில் காலையில் நடந்தேன். ஒரு வாசலில் தூய்மைப் பணியாளர் வண்டியை நிறுத்தி மணி அடித்தார். வீட்டுப் பெண் கூடையைக் கொண்டுவந்து கொடுத்தார். பணியாளர் அதை வண்டியில் கொட்டுமுன் கையால் ஒரு முறை கிளறிப் பார்த்தார். உள்ளே இருந்த ஷாம்பு பாக்கெட்டை எடுத்து அந்த வீட்டுக்காரரிடமே நீட்டினார். "அக்கா, இது இதுல வராது." "அய்யோ, பையன் போட்டுட்டான்" என்று அவர் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். யாரும் யாரையும் அதட்டவில்லை. கோயம்பேட்டில் பெரிய இயந்திரம் செய்யத் திணறிய வேலை இங்கே ஒரு வாசலில், ஒரு நிமிடத்தில், இரண்டு பேருக்கு நடுவே முடிந்துவிட்டது.

துரைப்பாக்கம் ரேடியல் சாலை

பல்லாவரத்திலிருந்து கிழக்கே பிரியும் 200 அடிச் சாலை பல்லாவரம் பெரிய ஏரியை ஊடுருவிக்கொண்டு, கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தொடுகிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் இடம்பெற்ற நிலம். மழைக்காலத்தில் தென்சென்னையின் ஏரிகளிலிருந்து வழியும் நீரெல்லாம் இங்கே வந்து தங்கித்தான் கடலுக்குப் போகும். அதன் ஓரத்தில் பெருங்குடி குப்பைக் கிடங்கு. பல பத்தாண்டுகளாகத் தென்சென்னையின் குப்பை வந்து விழுந்த இடம்.

2022 ஏப்ரல் கடைசியில் அந்தக் கிடங்கு தீப்பிடித்தது. நாட்கணக்கில் எரிந்தது, புகை வேளச்சேரி, பெருங்குடி வரை பரவியது. குப்பை மேட்டுக்குள் காற்றில்லாமல் அழுகும் கழிவில் மீத்தேன் உண்டாகிறது. அது கசிந்து மேலே வரும்போது தீப்பற்றினால் அணைப்பது கடினம். எரியாமல் போனால் இன்னும் கெடுதல்: நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் பூமியைச் சூடாக்குவதில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு. கலனுக்குள் உண்டானால் அடுப்பெரிக்கும் வாயுதான், கிடங்குக்குள் உண்டாகும்போது சதுப்பு நிலத்தின் பக்கத்தில் தீயாக நிற்கிறது. குப்பை எங்கே போனாலும் வாயு வரத்தான் போகிறது. அதை எங்கே வரவிடுகிறோம் என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. கிடங்கைத் தோண்டிச் சலித்துப் பிரித்து நிலத்தை மீட்கும் பணி நடந்து வந்திருக்கிறது. நல்ல வேலை. ஆனால் இத்தனை ஆண்டு வெளியேறிய வாயுவை மீட்க வழியில்லை.

கிடங்குக்கு அருகிலேயே, அதிகம் பேர் கவனிக்காத ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. சென்னைக் குடிநீர் வாரியத்தின் பெருங்குடி கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். 2000-களின் நடுவில் கட்டிய நாளுக்கு 5.4 கோடி லிட்டர் திறனுள்ள பிரிவில், சாக்கடைக் கசடைச் செரிக்க வைத்து, அந்த வாயுவில் இன்ஜின் ஓட்டி, நிலையத்துக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பங்கை அங்கேயே எடுக்கும்படி அமைத்தார்கள். கோயம்பேடு, நெசப்பாக்கம், கொடுங்கையூர் நிலையங்களிலும் இதே ஏற்பாடு. இது ஓடுவதற்குக் காரணம் தெளிவு. சாக்கடை தினமும் வருகிறது. அதைப் பிரிக்கச் சொல்லி யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. பார்த்துக்கொள்ள இன்ஜினியரும் சம்பளம் வாங்கும் ஆட்களும் இருக்கிறார்கள். வரும் மின்சாரத்தை அங்கேயே செலவழிக்கலாம்.

சாக்கடை வாயுவில் வெளிச்சம் காண்பது புதிதல்ல. இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரத்தில் 1895-ல் கழிவுநீர்த் தொட்டியின் வாயுவில் தெருவிளக்கு எரிந்தது. இரண்டே ஆண்டில் மும்பை மாட்டுங்காவின் தொழுநோயாளர் இல்லத்தில் மனிதக் கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கேற்றினார்கள். தாம்பரத்துக்கு மின்சார ரயில் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் இது நடந்திருக்கிறது.

சேலையூர் மொட்டைமாடி

பள்ளிக்கரணையிலிருந்து மேடவாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் வழியாக வேளச்சேரி சாலை தாம்பரத்துக்குத் திரும்புகிறது. சேலையூரில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் எரிவாயுக் கலன் இருப்பதாக நண்பர் சொல்லியிருந்தார்.

இரண்டு ஃபைபர் டிரம். பெரியதில் கூழ், அதன்மேல் கவிழ்த்து வைத்த சிறியது வாயு சேரச் சேர மேலே எழும்பும். மேலே இரண்டு செங்கல் வைத்திருந்தார், அழுத்தத்துக்கு. ஓரத்தில் புனல் போன்ற வாய், எதிர்ப் பக்கம் கரைசல் வழியும் குழாய், மேலிருந்து சமையலறைக்கு இறங்கும் ரப்பர் குழாய். காலையிலேயே ஒரு பாத்திரத்தில், அரிசி கழுவிய தண்ணீரில் பழைய சோறு, புளித்த மாவு, மீன் கழுவிய நீர், காய்த்தோல் கரைத்து வைத்திருந்தார். அதைப் புனலில் ஊற்றினார். களக் களக் என்று உள்ளே இறங்கியது. மறுமுனையில் அதே அளவுக்குக் கருப்பான கரைசல் வாளியில் வழிந்தது. முகர்ந்து பார்த்தேன். நாற்றம் இல்லை; மழை பெய்த மண்ணின் வாடை.

"என்னென்ன போடக் கூடாதும்மா?"

"எலுமிச்சம்பழத் தோல் ஆகாது தம்பி, புளிப்பு ஏறிடும். முட்டை ஓடு, எலும்பு, தேங்கா நார், முருங்கைக்கா சக்கை இதெல்லாம் உள்ள கெடந்து அடைச்சிக்கும். ஆசைப்பட்டு நெறய போட்டாலும் வம்பு. ஆரம்பத்துல கல்யாண வீட்டுச் சோறு முழுக்க ஊத்திட்டேன். ஒரு வாரம் அடுப்பே பத்தல. அப்புறம் சாணித் தண்ணி ஊத்தித் தேத்தினேன்."

கீழே வந்து அடுப்பைப் பற்ற வைத்தார். சத்தமில்லாத நீலச் சுடர். வெயிலில் பார்த்தால் தெரியாத அளவுக்கு வெளிர் நீலம். இந்த வாயுவுக்கு அழுத்தம் குறைவு, ஆகவே பர்னரின் துளையைப் பெரிதாக்கித்தான் வைக்க வேண்டும். "மிக்ஜாம் அப்போ நாலு நாள் கரண்டு இல்ல. இன்டக்ஷன் இருந்து என்ன பண்றது? சிலிண்டர் வண்டி தெருவுக்குள்ள வர முடியல. நாங்களும் பக்கத்து வீடும் இதுலதான் கஞ்சி வெச்சோம். மாடியில இருக்கறதால தண்ணி எட்டல."

இதில் பல்பு எரியுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டுச் சொன்னார்: "எரியும்னு ஒருத்தர் வந்து ஜெனரேட்டர் விக்கப் பாத்தார். நான் ஒரு வேளை சமையலுக்கே இது சரியா இருக்குன்னுட்டேன்."

அவர் கணக்கு மிகச் சரி. ஒரு கிலோ உணவுக் கழிவிலிருந்து ஏறத்தாழ 0.1 கனமீட்டர் வாயு கிடைக்கும். ஒரு கனமீட்டர் வாயுவை இன்ஜினில் எரித்தால் ஒன்றரை யூனிட் மின்சாரம். அதையே அடுப்பில் எரித்தால் அரைக் கிலோ சிலிண்டர் வாயுவுக்குக் கொஞ்சம் குறைவான பலன். இன்ஜினில் முக்கால் பங்குச் சக்தி சூடாகவே போய்விடும். ஆகவே வீட்டளவில் இது அடுப்புக்கானது. மின்சாரம் வேண்டுமானால் கழிவு மொத்தமாகச் சேரும் இடம் வேண்டும்: சந்தை, விடுதி, கல்யாண மண்டபம், பேருந்து முனையம்.

ஒரு கிராமமும் ஒரு மாநகராட்சியும்

அப்படி மொத்தமாகச் சேர்த்து மின்சாரம் எடுத்த ஊர் ஒன்று உண்டு: கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் புரா என்றொரு சிற்றூர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அமுல்யா ரெட்டியும் அவருடைய குழுவினரும் அங்கே ஊருக்குப் பொதுவான சாண எரிவாயுக் கலன் அமைத்தார்கள். சமையலுக்கு வாயு கொடுப்பதாகத்தான் முதல் எண்ணம். ஊர் முழுவதற்கும் அது போதவில்லை. 1987 முதல் அந்த வாயுவைக் கொண்டு டீசலோடு சேர்த்து ஓடும் சிறு இன்ஜினை இயக்கி, வீடுகளுக்கு விளக்கும் குழாயில் குடிநீரும் கொடுத்தார்கள். சாணம் கொண்டுவந்து கொடுத்தவருக்குக் கரைசல் உரமாகத் திரும்பிப் போயிற்று. சாணத்துக்குக் காசும் கிடைத்தது. கலனைப் பார்த்துக்கொண்டவர்கள் உள்ளூர் இளைஞர்கள். அவர்களுக்குச் சம்பளம் உண்டு. மின்வாரியக் கம்பி அந்த ஊரை எட்டியிருந்தும், சொன்ன நேரத்தில் வந்த வெளிச்சம் இந்தக் கலனிலிருந்துதான் என்பதால் ஊரார் அதற்குப் பணம் கொடுத்தார்கள்.

சேலையூர் மாடியில் போட்ட கணக்கைத் தாம்பரம் முழுவதற்கும் போட்டுப் பார்க்கலாம். 100 டன் உணவுக் கழிவைக் கலக்காமல் சேர்த்தால் 10,000 கனமீட்டர் வாயு. அதிலிருந்து நாளுக்கு ஏறத்தாழ 15,000 யூனிட். நாளுக்கு 5 யூனிட் செலவழிக்கும் குடும்பங்கள் என்றால் 3,000 வீட்டுக்குத்தான் வரும். பல லட்சம் பேர் வாழும் மாநகராட்சிக்கு இது போதாது. இதைக் கொண்டு மின்வாரியத்தை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் 40 வாட் எல்.இ.டி. தெருவிளக்கு ஓர் இரவுக்கு அரை யூனிட் இழுக்கிறது. அப்படிப் பார்த்தால் அதே 15,000 யூனிட்டில் 30,000 தெருவிளக்குகள் விடிய விடிய எரியும். ஊரே இருண்டு கிடக்கும் இரவில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் தடுப்பூசிப் பெட்டியும், குடிநீர் ஏற்றும் மோட்டாரும், வெள்ள நீரை இறைக்கும் பம்பும், தெருமுனை விளக்கும் நிற்காமல் இருந்தால் அது சிறிய உதவியா? வாயுவைச் சேர்த்து வைக்கலாம் என்பது இன்னொரு வசதி. சூரியத் தகடு மழை மூட்டத்தில் சோர்ந்துவிடும்; நிரம்பிய கலன் புயல் இரவிலும் நிரம்பியே இருக்கும். உயரமான இடத்தில் வைத்தால் போதும்.

உலகத்தில் பெரிய அளவில் செய்பவர்களும் இருக்கிறார்கள். இந்தூரில் 2022 பிப்ரவரியில் நாளுக்கு 550 டன் ஈரக் கழிவைக் கையாளும் ஆலை திறந்தார்கள். அந்த வாயுவில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. அந்த ஊரில் வீட்டு வாசலிலேயே குப்பையைப் பிரிப்பது முதலில் நிலைத்தது. ஆலை அதற்குப் பிறகுதான் வந்தது. நம் தெற்குப் புறநகருக்கு ஒரே பெரிய ஆலையைவிட, கழிவு பிறக்கும் இடத்திலேயே சிறு சிறு கலன்கள் பொருந்தும் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு ஒன்று, கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு ஒன்று, பெரிய விடுதிகளுக்கு ஒவ்வொன்று. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகக் குடியிருப்புகளும் நிறுவனங்களும், இயன்ற வரை தம் வளாகத்துக்குள்ளேயே மக்கும் குப்பையைப் பதப்படுத்த வேண்டும் என்று 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. ஒரு சந்தையின் கலன் பழுதானால் அந்தச் சந்தையின் விளக்கு மட்டும்தான் நிற்கும். பக்கத்துக் கலனிலிருந்து ஆள் வந்து சரி செய்யலாம்.

இந்த வழி நெடுகப் பார்த்ததில் ஒன்று உறுதியாயிற்று. இயந்திரம் மட்டும் இருந்தால் கலன் ஓடுவதில்லை. தினமும் அதற்குப் பிரித்து ஊட்டுகிற ஆளும் வேண்டும். புராவில் இளைஞர்களுக்குச் சம்பளம் இருந்தது. பெருங்குடியில் பணியாளர்கள் இருக்கிறார்கள். பம்மலில் கூடையைக் கிளறிப் பார்க்கும் பொறுப்பு ஒருவருக்கு இருந்தது. அவர் சொன்னால் கேட்கும் மரியாதையும் அந்தத் தெருவில் இருந்தது. தாம்பரம் மாநகராட்சி அடுத்த கலனுக்கு நிதி ஒதுக்கும்போது, விலைப்பட்டியலில் டிரம்மும் இன்ஜினும் எழுதப்படும் அதே பக்கத்தில் ஐந்தாண்டுக்கான பணியாளர் சம்பளமும் கையுறையும் மழைக்கோட்டும் பழுதுபார்க்கும் செலவும் எழுதப்பட வேண்டும். அந்தப் பணியாளரை நிரந்தர வேலையில் அமர்த்த வேண்டும். அதைச் செய்யாமல் ரிப்பன் வெட்டித் திறக்கும் எந்தக் கலனும் ஓராண்டில் துருப்பிடிக்கும். அதைச் செய்தால் புயலடிக்கும் இரவிலும் இந்த ஊரில் சில விளக்குகள் அணையாமல் எரியும்.